தோய்த்து வைத்த மணல்

மணலுக்குச் சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்த்த ஆள் உருத்திரபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது ஆறாம் ஆண்டு. வகுப்பறைச் சுத்தத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பெருமையும் என் கையை உந்தியிருக்க வேண்டும்.

அம்மாவும் மாமாவும் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, நெல் அவித்துப் புழுங்கல் அரிசி விற்றார்கள். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கொட்டிலால்தான். ஆனால் நெல் ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டால் புளித்த நாற்றம் தெருமுனைவரை போகும். தண்ணீரோ பக்கத்து வீட்டு அன்ரியின் கிணற்றடிக்குப் போகும். அன்ரி பலதரம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதிப்போட்டார்.

பரிசோதகர் வந்தார், மூக்கைப் பொத்தினார், இரண்டு மாதத் தவணை தந்தார். அதற்குள் சரிவராவிட்டால் கொட்டிலை மூடவேண்டும். போகும்போது, மனம் பொறுக்காமலோ என்னவோ, ஒரு தாளில் படமும் கீறிக் கொடுத்தார்.

அந்தப் படத்தைப் பார்த்து மாமா வேலையைத் தொடங்கினார். தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கி மண்டி அடையும். பிறகு சல்லிக்கல் நிரப்பிய ஒரு பரலுக்குள், அதாவது பீப்பாவுக்குள், போகும். அதற்குப் பிறகு மணல் நிரப்பிய பரல். வடிந்து வருவது வாழைக்கு. முதல் கிழமைகளில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாற்றம் மெல்லமெல்லக் குறைந்தது, தண்ணீரும் தெளிந்தது. மணலின் மேலே மட்டும் மண்ணிறத்தில் ஒரு வழுக்கல் படர்ந்தது. பார்க்கவே அருவருப்பு.

பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், நான் அந்த வழுக்கலை வழித்து எறிந்தேன். மணலை வாளி வாளியாக அள்ளிக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்தேன். வேலிக்கு மேலால் அன்ரி எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, மணலையும் உடுப்பு மாதிரித் தோய்க்கிறியே?”

“ஓம் அன்ரி, நாளைக்கு வடிவா இருக்கவேணுமெல்லோ!”

காணாததற்கு, பரலில் திரும்பக் கொட்டியபின் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும் கரைத்து ஊற்றினேன். மணல் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் காலை, அன்ரியும் வந்து நிற்க, பரிசோதகர் மணல் பரலின் குழாயடியில் போத்தலைப் பிடித்தார். நுரை வந்தது. நுரைக்குப் பின்னால் பழைய புளித்த நாற்றமும் வந்தது. அவர் பரலை எட்டிப் பார்த்தார்.

“இதை ஆர் கழுவினது? அந்த வழுக்கலுக்குள்ள இருக்கிற கிருமிதானே ஊத்தையைத் தின்னுறது! அதையெல்லோ சாக்காட்டி வைச்சிருக்கிறியள்.”

கிருமிக்கும் வேலை உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். மாமா மணலைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“நான்தான் சேர். வடிவா இருக்கட்டும் எண்டு கழுவிப்போட்டன்,” என்றார் மாமா.

பரிசோதகர் அன்ரியிடம் திரும்பினார். முறைப்பாடு அவருடையதுதானே. அன்ரி தொண்டையைச் செருமினார். நான் மணல் தோய்த்ததைக் கண்டவர் அவர் ஒருவர்தான்.

“உள்ளதைச் சொல்லவேணும் சேர். போன மாதம் எங்கட பக்கம் ஒரு மணமும் வரேல்லை. இன்னுமொரு மாதம் குடுத்துப் பாருங்கோ.”

அந்த ஒரு மாதத்தில் வழுக்கல் திரும்பவும் படர்ந்தது. கொட்டில் தப்பியது, இன்றைக்கும் ஓடுகிறது. அதில் வந்த வருமானத்தில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். இப்போது துணுக்காய்ப் பக்கம் தயிர் செய்யும் பெண்களுக்கு இதே மாதிரி வடிகட்டி கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மணலில் கை வைக்க ஒருவரையும் விடுவதில்லை!

அன்றைக்குப் பரிசோதகர் போனபின் மாமா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்ரி படலையைச் சாத்திக்கொண்டு போனார். மத்தியானம் அம்மா பொரித்த மீனில் பெரிய துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அம்மாவுக்குத் தெரியாமல் தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் நான் அதை முள்ளு மட்டும் மிஞ்சும்வரை தின்றேன்.