பாட்டுச் சத்தத்தைக் கூட்டியவர்

திங்கட்கிழமை காலை எங்கள் பஸ் பாட்டு இல்லாமல் வந்தது.

அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் அந்த பஸ்ஸை நாங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடுவோம். மேல் வளைவில் திரும்பும்போதே பாட்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கி வந்துவிடும். அதைக் கேட்ட பிறகுதான் நான் சப்பாத்து மாட்டுவேன். அன்று எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. பக்கக் கண்ணாடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கதவில் யாரும் தொங்கிக்கொண்டு வரவில்லை. சாரதி பெருமாள் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பாலா போயிட்டான், புள்ள. நேத்து சாயங்காலம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தான். அவ்வளவுதான்."

நடத்துனர் பாலா அண்ணனை இந்த பஸ்ஸில் போகும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கருமாதி அன்று கொடுக்கிற நினைவுத் தாளுக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பெருமாள் அண்ணன் கேட்டார். "தமிழ்த் தினப் போட்டியில பரிசு வாங்கின புள்ள நீதானே. நாலு வரி நல்லா எழுதிக் குடு." எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரம் தவறாதவர், வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றியவர், யாரையும் மழையில் விட்டுவிட்டுப் போகாதவர் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்த பாலா அண்ணன் அந்தத் தாளில் இல்லை. அவரை எழுதினால் என்னையும் எழுத வேண்டிவரும். அதனால் இது இரண்டாவது அஞ்சலி. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடுகிறேன். இது உங்கள் கைக்கு வராது. ஆனாலும் உங்களைப் பார்த்துச் சொல்வது போலத்தான் எழுத வருகிறது.

அவருடைய குரல் உங்கள் காதில் இன்னும் இருக்கும். "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, பின்னுக்கு ஒரு கல்யாணமே நடத்தலாம்!" தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் அக்காமார் யாராவது, "மாப்பிள்ளை யாரு அண்ணே, நீங்களா?" என்பார்கள். "நான் ஏற்கெனவே ஒரு தடவ மாட்டினவன்க்கா, ஆள விடுங்க" என்பார். பனி மூடிவிட்டால் அந்தக் கேலியெல்லாம் நின்றுவிடும். கழுத்தில் கிடக்கும் வெள்ளைத் துவாயை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் நடப்பார். அந்த வெள்ளையைப் பார்த்துப் பெருமாள் அண்ணன் ஊர்ந்து ஓட்டுவார். ஒருமுறை, "ரோடு உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரியுது?" என்று கேட்டேன். "எனக்கும் ஒண்ணும் தெரியாது. நான் இன்னும் விழலங்கிறத பெருமாளுக்குக் காட்டுறேன், அவ்வளவுதான்" என்றார்.

தமிழ்த் தினப் போட்டிக்கு நுவரெலியாவுக்குப் போனது அவருடைய பஸ்ஸில்தான். பாடசாலை வாடகைக்கு எடுத்திருந்தது. நானுஓயா தாண்டுவதற்குள் இரண்டு முறை தலையை வாரிக்கொண்டேன். மேடைக்காக இல்லை. ராகலையிலிருந்து வரும் நிரோஷாவை அன்று பார்ப்பேன் என்பதால். அவள் முந்தைய வருடப் போட்டியில் பாடியவள்; அந்தப் பாட்டைப் பற்றி அப்போதே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதன் பிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தோம், வீட்டுப்பாடம், மழை, அவள் வீட்டு ஆட்டுக்குட்டி என்று. சாயங்காலம் எங்கள் பஸ் புறப்படும்போது அவள் ராகலை பஸ்ஸுக்காகத் தனியே நின்றாள். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளிருந்து என் கூட்டாளி சர்மிளா, "ஏய், வாடி! அங்க என்ன வேரா விட்டுட்ட?" என்று கத்தினாள். பாலா அண்ணன் கீழே இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்க்கத் தொடங்கினார். "காத்து கொறஞ்ச மாதிரி இருக்கு பெருமாள், பொறு." ஒரு சுற்று முடித்துவிட்டு, மறுபடியும் முதல் டயருக்கு வந்தார். ராகலை பஸ் வந்து நிரோஷா ஏறிய பிறகுதான் எல்லா டயரிலும் காற்று சரியாகிவிட்டது.

அவர் என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

சர்மிளா கெட்டவள் என்று எழுதிவிட்டால் சுலபமாக இருக்கும். தலவாக்கலைப் பாடசாலைக்குப் புதிதாக வந்தபோது, தோட்டத்துப் பிள்ளை என்று என்னோடு யாரும் உட்காரவில்லை. அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தலையைப் பின்னிவிட்டவள். எனக்கு வேறு கூட்டாளி இல்லாததால், நிரோஷாவைப் பற்றி அவளிடம்தான் சொன்னேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "என் செல்லமே, செத்தாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை அவளுக்கு வேண்டும் என்றாள். கொடுத்தேன். அவளுடைய கணக்கை நான் செய்ய வேண்டும், அவள் பையை நான் தூக்க வேண்டும், யாரோடு பேசலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. முகம் சுளித்தால் போனை எடுப்பாள். பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது என் குரல் வெளியே வரும்: "சர்மி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே..." அந்த இடத்தில் நிறுத்துவாள். சுற்றியிருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். "யாருடி அது, லவ்வா?" சர்மிளா என் தோளில் கை போட்டு, "சும்மா வெளையாட்டுடி" என்பாள். அடுத்த முறை இன்னும் ஒரு சொல் கூடுதலாக ஓடும்.

ஒரு நாள் என் குரல் தொடங்கியதுமே பஸ்ஸின் பாட்டு திடீரென்று எகிறியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்னால் பாலா அண்ணன் ரேடியோப் பெட்டியில் கை வைத்தபடி நின்றார்.

"அண்ணே, சத்தம் கூடிப்போச்சு!" என்று சர்மிளா கத்தினாள்.

"என்னம்மா?"

"சத்தம் கூடிப்போச்சு!"

"கேக்கலம்மா, சத்தம் கூடிப்போச்சு!"

பஸ்ஸே சிரித்தது. பெருமாள் அண்ணன், "டேய், காது செவிடாகும்டா" என்று திட்டினார். தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதன் பிறகு அவள் போனைத் தூக்கும்போதெல்லாம் பாட்டு எழும்பியது. எனக்கு நிம்மதி வரவில்லை. புதுப் பயம்தான் வந்தது. அப்படியென்றால் அவர் கேட்டிருக்கிறார். எவ்வளவு கேட்டார்? அம்மாவிடம் சொல்வாரா? அம்மா கொழும்பில் கடையில் வேலை செய்யும் அப்பாவிடம் சொன்னால், போன் போகும், படிப்பு போகும், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே என்னை எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். "பாட்டுக்கு மேல எதுவும் என் காதுல விழலம்மா, பாத்து எறங்கு" என்றார்.

பிறகு என்னை சர்மிளாவிடமிருந்து முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கையில் உட்காரவைத்து, "புள்ளைக்கு வாந்தி. சாது யாரும் வந்தா மட்டும் எழும்பு" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு வாழ்நாளில் பஸ்ஸில் வாந்தி வந்ததில்லை. ஆனால் பஸ் நம்பியது. அக்காமார் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நாள் லிந்துலையில் ஏறிய பிக்கு ஒருவர், நான் எழும்பியதும் கையால் இரு என்று காட்டிவிட்டு நின்றுகொண்டே வந்தார். அவரிடமும் பாலா அண்ணன் சிங்களத்தில் என் வாந்தியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பொய் கொழுந்து நிறுக்கிற இடம் வரை போகும் என்று அவர் நினைக்கவில்லை. அங்கே யாரோ அம்மாவிடம், "ஒன் மக காலையில காலையில வாந்தி எடுக்குதாமே?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று அம்மா கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"யாரு?"

"எது யாரு?"

"நடிக்காத. எந்தப் பய?"

எனக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கையை ஓங்கி, அடிக்காமல், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "எந்தப் பயலும் இல்லம்மா. சத்தியமா ஒரு பயலும் இல்ல" என்றேன். அதைவிட உண்மையான ஒன்றை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா நம்பவில்லை.

மறுநாள் பாலா அண்ணனிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ ஆண்டவனே! என் வீட்டுல ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. பொம்பளப் புள்ள வாந்தின்னா இப்படி ஒரு கத கெளம்பும்னு என் மண்டையில ஏறலியே!" ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்தார். வாசலில் நின்றபடி, "அக்கா, வாந்தி நான் சொன்ன பொய்யி. பின்னால இருக்க விடாம புள்ளைய தொல்ல பண்ணுறாங்க" என்றார்.

"எந்தப் பசங்க?" அம்மா கேட்டார்.

"பசங்க இல்லக்கா. கூட்டாளிங்கதான்."

"என்னத்துக்குத் தொல்ல?"

பாலா அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அது அவ சொல்ல வேண்டியது. சொல்றப்ப சொல்லுவா. அது வரைக்கும் நீங்க கேக்காம இருந்தா போதும்."

அம்மா கேட்கவில்லை. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாலா அண்ணனுக்கு மரியாதையாகக் கருமாதி வரை பஸ்ஸில் பாட்டுப் போடுவதில்லை என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தீர்கள். சரியான முடிவு. அந்த அமைதியில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். எனக்கு மட்டும் அந்த அமைதி தாங்க முடியவில்லை. புதிதாக வந்த நடத்துனருக்கு என் வாந்தி தெரியாது. முன் இருக்கையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நான் பழையபடி பின்னால், சர்மிளாவுக்குப் பக்கத்தில்.

இன்று காலை அவளுடைய கணக்கை நான் செய்யவில்லை. அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில், "இனி யாருடி பாட்டு போடுவா?" என்றாள். பிறகு என் குரல் அந்தச் சாவு அமைதிக்குள் ஓடியது. "சர்மி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே... எனக்கு ஒருத்தர ரொம்பப் புடிச்சிருக்கு..." முன்னால் இருந்த அக்காமார் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள் அண்ணனின் கை ரேடியோப் பெட்டிக்குப் போய், எதையோ நினைத்தது போலத் திரும்பி வந்தது. சர்மிளா நிறுத்தினாள். "நாளைக்குப் பேரு வரும்" என்றாள்.

இந்தத் தோட்டத்தில் காலை பஸ்ஸில் சொன்னது மத்தியானத்துக்குள் மலையில் இருக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ வாயிலிருந்து அம்மா அதைக் கேட்பார். ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்ததை நான் பார்த்தவள்.

அதனால் இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். அம்மா அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே" என்று அதே சொற்கள்தான் வந்தன. எனக்கு வேறு தொடக்கம் தெரியவில்லை. இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. பெயர் வரை சொன்னேன், நாளைக்கு பஸ்ஸில் சர்மிளா சொல்லப்போவதையும்.

அம்மா சுண்ணாம்பு டப்பாவை மூடினார். மூடி சரியாக விழவில்லை. திறந்து மறுபடியும் மூடினார்.

"அந்த ராகலப் புள்ளையா? பாடினவளா?"

"ஆமா."

"இதத்தான் பாலா சொல்லாம போனாரா?"

"அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாதும்மா."

அம்மா சுண்ணாம்பு டப்பாவை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார். அழவில்லை. "அப்பாட்ட இப்ப வாயத் தெறக்காத" என்றார். பிறகு, "படு. காலையில பஸ்ஸு இருக்கு" என்று விளக்கை அணைத்தார். பிறகு இருட்டில் எழும்பி எதையோ தேடும் சத்தம் கேட்டது. தகரப்பெட்டியோ கூடையோ. என்ன என்று கேட்கப் பயமாக இருந்தது. திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கோபமா, கவலையா, காலையில் என்னைப் பாடசாலைக்கு விடுவாரா, எதுவும் தெரியாமல்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

பாலா அண்ணனிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். நினைவுத் தாளில் "அவருடைய நற்பண்புகளை" என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை, ஆனால் எனக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். பனிக்குள் அவர் முதுகில் கிடந்த துவாய் போதும். கேட்காமல் இருங்கள் என்று அம்மாவிடம் அவர் வாங்கித் தந்த அந்த நாட்கள் போதும். நாளை பெயர் வரும்போது பாட்டு இருக்காது. அவர் டயரை உதைத்துக்கொண்டு நிற்கவும் மாட்டார். ஆனால் சர்மிளா சொல்லப்போவது எங்கள் வீட்டுக்குப் புதிய செய்தி இல்லை.

எழுதியதை மறைத்து வைக்கப் பையைத் திறந்தேன். புத்தகங்களுக்கு மேலே, தாளில் மடித்த கொஞ்சம் உப்பும், முன் இருக்கைக்கு அக்காமார் கொண்டுவந்தது போல ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கின்றன. எனக்கு வாந்தி இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.