பெஞ்சில் இரண்டு கிழவர்கள்

போன சனிக்கிழமை காலை புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறினேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கிவர வேண்டும் என்று வீட்டு உத்தரவு. எதிர் இருக்கையில் ஒரு சீனப் பெரியவர் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, சின்னப் புட்டியிலிருந்து தைலத்தை ஊற்றிப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். கற்பூரமும் புதினாவும் கிராம்பும் கலந்த வாடை குளிரூட்டிய பெட்டி முழுக்கப் பரவியது. பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறினாள். நான் மட்டும் இரண்டு இருக்கை தள்ளி அவருக்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் புட்டியைப் பைக்குள் வைத்தார். திருடிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது எங்கள் உடைமாற்றும் அறையின் வாடை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால், தீவின் மேற்குப் பக்கம் இருந்த ஒரு சின்னக் காற்பந்துக் கிளப்பில் நான் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வது பழக்கதோஷம். கடைசி இரண்டு வருடங்கள் உட்கார்ந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. வயது முப்பத்தைந்து. தற்காப்பு ஆட்டக்காரன். அந்த அறையில் இருபது வயதுப் பையன்கள் எல்லோரிடமும் வாசனைத் திரவியம் மணக்கும். தைலம் மணப்பது இரண்டே பேரிடம். ஒருவன் நான், இன்னொருவர் ஜமால் பாய்.

ஜமால் பாய் ஒரு காலத்தில் எங்கள் கிளப்பின் தாக்குதல் ஆட்டக்காரர். அவர் காலுக்குப் பந்து போனால் அரங்கில் கச்சாங் கடலை கொறிப்பவர்கள்கூட மெல்லுவதை நிறுத்துவார்கள். வயது முப்பத்தேழு. கேட்டால் முப்பத்து நான்கு என்பார். அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றால் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். வீடு பாசிர் ரிஸ். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒன்றரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து, எங்கள் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போவார். “தம்பி, இந்த நாட்டுலயே நம்மள மாதிரி உக்காந்து சம்பாதிக்கிறவன் மந்திரி ஆபீஸ்லகூட இல்ல லா” என்பார்.

எங்களை உட்கார வைத்தவர் கோச் ரூபன். யாழ்ப்பாணத்து வம்சாவளி, நல்ல படிப்பாளி, மடிக்கணினியோடு வந்து இறங்கினார். என்னைவிட நான்கு வயது இளையவர். அதனால் எங்களை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஆளை ஒதுக்கும்போதும் அவ்வளவு மரியாதை. “அண்ணே, உங்க எக்ஸ்பீரியன்ஸ் டீமுக்கு ரொம்ப முக்கியம்” என்று ஆரம்பித்தால் அந்த வாரம் நாம் ஆடவில்லை என்று அர்த்தம். ஒரு முறை, “ரொம்ப ரொம்ப முக்கியம்” என்றார். அந்த வாரம் பெஞ்சில்கூட இடமில்லை, பார்வையாளர் பக்கம் அனுப்பிவிட்டார்.

ஜமால் பாய் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டாம் பாதி தொடங்கியதும், யாரும் சொல்லாமலே எழுந்து கோட்டோரமாக ஓட ஆரம்பிப்பார். முட்டியை நெஞ்சுவரை தூக்கி ஓடுவார், பக்கவாட்டில் ஓடுவார், கோச்சின் கண்ணுக்கு நேராக வந்து நின்று இடுப்பைச் சுழற்றுவார். கோச் மடிக்கணினியைப் பார்ப்பார். பாய் இன்னொரு சுற்று ஓடுவார். அரங்கில் இருந்த இருநூறு பேரும் “ஜமால்! ஜமால்!” என்று கத்துவார்கள். அவர் ஒரு கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொள்வார். ஆட்டம் முடியும்போது, ஆடிய பதினோரு பேரையும்விட அவர்தான் அதிகம் வியர்த்திருப்பார்.

நான் அப்படி இல்லை. எனக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிற சுபாவம். அப்படித்தான் பொம்மை உத்தியோகம் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஃப்ரீ கிக் பயிற்சிக்கு எங்களிடம் ஐந்து பிளாஸ்டிக் பொம்மைகள் இருந்தன. மஞ்சள் நிறத்தில் ஆள் உயரம், முகம் கிடையாது. எதிரணியின் சுவர்போல வரிசையாக நட்டு வைத்து அவற்றுக்கு மேலாகப் பந்தை அடித்துப் பழக வேண்டும். புல் வெட்டும் வண்டி பின்னால் வந்து ஒரு பொம்மையை நசுக்கிவிட்டது. கோச் என்னிடம் வந்தார். “அண்ணே, புதுசு வர்ற வரைக்கும் நீங்க அந்த இடத்துல நிக்க முடியுமா? டீமுக்கு உங்க எக்ஸ்பீரியன்ஸ்…” வாக்கியத்தை முடிக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

நின்றேன். ஆறு வாரம். அசையக் கூடாது, குதிக்கக் கூடாது, பேசக் கூடாது. இடது பக்கம் இரண்டு பொம்மை, வலது பக்கம் இரண்டு பொம்மை, நடுவில் நான். முதல் நாள் அழுகை வந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம், நம்ப மாட்டீர்கள், அதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. மற்ற நான்கும் காற்றடித்தால் ஆடும், நான் ஆட மாட்டேன். ஒரு பையன், “அங்கிள், கொஞ்சம் லெஃப்ட்” என்பான். துல்லியமாக அரை அடி நகர்வேன். எந்தப் பொம்மை அதைச் செய்யும்?

ஆறாம் வாரம் அட்டைப்பெட்டியில் புதிய பொம்மை வந்தது. பிரித்து நட்டார்கள். என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். நான் கோச்சிடம் போய், இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது, “ஏன் கோச், நான் நல்லாத்தானே நின்னேன்?” என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஜமால் பாய் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிளாஸ்டிக்குகிட்ட இடத்தப் பறிகொடுத்த மொத ஆளு நீதான்டா” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் யாழினி தொடக்கப்பள்ளி இரண்டாம் வகுப்பில் ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். நான்கே வரி. ‘என் தந்தை காற்பந்து வீரர். அவர் சனிக்கிழமை திடலுக்குச் செல்வார். அங்கே அவர் நன்றாக உட்காருவார். எனக்கு என் தந்தையை மிகவும் பிடிக்கும்.’ ஆசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதி ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் பல் தேய்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஆடி அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஐந்து நிமிடமாவது அவள் பார்க்க ஆடிவிட வேண்டும். அதற்கப்புறம் பிளாஸ்டிக்கோ தகரமோ யார் வேண்டுமானாலும் வந்து என் இடத்தில் நிற்கட்டும்.

பருவத்தின் கடைசி ஆட்டம் சொந்தத் திடலில் நடந்தது. மாலை ஐந்தரை மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். தோற்றால் பட்டியலில் கடைசி இடம். யாழினியும் என் மனைவியும் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அதிசயமாக நாங்கள் ஒரு கோல் போட்டு முன்னிலையில் இருந்தோம். ஜமால் பாய் வழக்கம்போல இரண்டாம் பாதி முழுக்கக் கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தார்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கோச் அவரைக் கூப்பிட்டார். பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாமே காதில் விழுந்தது.

“அண்ணே, உங்கள எறக்கப் போறேன்.”

“சொல்லுங்க கோச். இன்னொரு கோல் வேணுமா?”

“இல்ல ணே. கொஞ்சம் டைம் போகணும். உள்ள போறப்போ மெதுவா நடந்து போங்க. லேஸ் கட்டுங்க. எல்லார்கிட்டயும் கைகொடுங்க. இந்த லீக்ல உங்கள மாதிரி மெதுவா நடக்க வேற ஆளு இல்ல.”

பாய் சட்டையை இடுப்புக்குள் செருகினார். நான்காவது நடுவர் பலகையைத் தூக்கிக் காட்டினார். அரங்கு எழுந்து நின்று “ஜமால்! ஜமால்!” என்றது. நடக்கச் சொல்லி அனுப்பப்பட்ட மனிதர், இருபது வயதுப் பையன்கூட ஓடாத ஓட்டமாகத் திடலுக்குள் பாய்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எட்டு. ஐந்தாவது எட்டில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அப்படியே குப்புற விழுந்தார். நாற்பது நிமிடம் வெளியே ஓடிய கால், உள்ளே ஐந்து எட்டுக்குத் தாங்கவில்லை.

அவரைத் தூக்கி வெளியே கொண்டுவர மூன்று நிமிடம் ஆனது. கோச் ஆசைப்பட்ட நேரம் எப்படியோ போய்விட்டது. பெஞ்சில் மிச்சமிருந்தது ஒரு கோல்காப்பாளரும் நானும்தான். கோச் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணே… போங்க” என்றார். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

என்னைக் கடந்து தூக்குப்படுக்கையில் போன ஜமால் பாய் என் கையைப் பிடித்தார். “நடந்து போடா. ஓடித் தொலையாத” என்றார்.

நடந்தே போனேன். மொத்தம் நான்கு நிமிடம். பந்து ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கோலுக்கு இருபது கஜம் தள்ளி, நேர் எதிரே. நான்கு பேர் சுவர் கட்டினோம். நடுவில் நான். விசில் ஊதியதும் மற்ற மூவரும் எம்பிக் குதித்தார்கள். அடித்தவன் கெட்டிக்காரன், சுவர் குதிக்கும் என்று தெரிந்து பந்தைத் தரையோடு கீழே விட்டான். நான் குதிக்கவில்லை. ஆறு வாரப் பழக்கம் ஒரு பக்கம், எம்ப வராத முட்டி ஒரு பக்கம். பந்து சரியாக அந்த முட்டியிலேயே வந்து மோதி வெளியே தெறித்தது. விசில். வென்றுவிட்டோம். பையன்கள் என் மேல் வந்து விழுந்தார்கள்.

நொண்டிக்கொண்டே மேல் வரிசையைத் தேடினேன். இரண்டு இருக்கையும் காலி.

நடந்தது இதுதான். யாழினிக்கு ரொம்ப நேரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. அப்பா இறங்கிவிடுவார் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பலகையில் ஜமால் பாயின் எண் தெரிந்ததும், இனி எனக்கு வாய்ப்பில்லை என்று என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் கழிப்பறை அரங்கின் மறுபக்கம், நீள வரிசை. அவர்கள் திரும்பி வரும்போது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

“அப்பா, முட்டி ஏன் வீங்கியிருக்கு?” என்றாள். சொன்னேன். “உண்மையாவா?” என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, சுவா சூ காங் வீடு வந்து சேரும்வரை நிற்கவில்லை. என் மனைவியும் கூடவே அழுதாள். ஜெயித்தவன் வீடு மாதிரியே இல்லை.

மறுநாள் காலை அவளை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்று ஜோடிச் செருப்பைத் தரையில் வைத்துச் சுவர் கட்டி, நடுவில் நான் நின்று, அவளைப் பந்தடிக்கச் சொன்னேன். பந்து முட்டியில் பட்டது. “இன்னொரு தடவ” என்றாள். அந்த விடுமுறை முழுக்க அதே நான்கு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஆடினோம். சில நாள் அவள் ஜமால் பாயாக ஓடி வந்து குப்புற விழுவாள். அந்தக் காட்சியை மட்டும் அசலைவிட நன்றாகச் செய்வாள்.

அடுத்த வாரம் கோச் என்னை அறைக்குக் கூப்பிட்டார். “எப்படி ணே அவன் கீழ அடிப்பான்னு படிச்சீங்க? பசங்க அதையே பேசிட்டு இருக்கானுங்க” என்றார் வியப்போடு. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பேசி முடித்துவிட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடிதத்தை நீட்டினார். வெளியே ஜமால் பாய் தன்னுடைய கடிதத்தை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியரானார். நான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாக வேலைக்குச் சேர்ந்தேன்.

கிளப் கொஞ்ச வருடங்களில் மூடப்பட்டது. திடலைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து அடைத்து, இப்போது முப்பது மாடி வீடுகள் எழும்பிவிட்டன. கோல் கம்பம் இருந்த இடத்தில் குப்பைத் தொட்டிகள் நிற்பதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், சரியாகத் தெரியாது. அந்த ஆட்டத்தை யாரும் படம் எடுக்கவில்லை. ஜமால் பாயைக் கேட்டால், அந்த நேரம் அவர் பெஞ்சுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக் கிடந்தாராம், கெண்டைக்காலை இரண்டு பேர் பிசைந்துகொண்டிருந்தார்களாம். ஆகவே எனக்கு வேண்டியவர்களில் சாட்சி கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் யாழினி தன் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நான் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“மூணு பேரும் குதிக்கிறாங்க, அப்பா மட்டும் குதிக்கல. நான் மேல ஸ்டேண்ட்ல இருந்து பாத்துட்டே இருந்தேன். கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போயிடுச்சு. அன்னிக்குன்னு பாத்துப் பயங்கர மழ வேற. இல்லப்பா?”

சமையலறை வாசலில் என் மனைவி தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆமாம்மா, நல்ல மழை” என்றேன்.