மீன்முள் கண்ணாடி

மாடி அறைத் தையல்காரி வாரமெல்லாம் ஊராருக்குத் தைப்பாள்; விடுமுறையில் தனக்காக முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் செய்வாள். காக்கை இறகு, காட்டு முள், செத்த வண்டின் சிறகு, சோப்புத்தூளில் வேகவைத்து வெளுத்த மீன்முள். சட்டத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி இவற்றை ஒட்டினால், பாழடைந்த கோட்டையின் சன்னல் போல அச்சமூட்டும் ஓர் அழகு வரும்.

கீழே வீட்டுக்காரரின் பேரனுக்குக் காய்ச்சல். கொசு மொய்க்கும் தண்ணீர்த் தொட்டி அவர் கண்ணில் படவில்லை. மாடியேறி வந்தார்.

"எலும்பை வச்சு சூனியமா பண்ற? எல்லாத்தையும் தூக்கிப் போடு, இல்லன்னா ரூமைக் காலி பண்ணு."

"அண்ணே, பேய் இருந்தா முதல்ல என்னைத்தானே பிடிச்சிருக்கும்?"

தனியாக வாழும் பெண்மேல் பழி போட யாரும் சாட்சி தேடுவதில்லை. சட்டத்தை எடுத்து உடைக்க ஓங்கினார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அவர் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"தொடாதீங்க! முள்ளெல்லாம் நான் கழுவிக் குடுத்தது. நீங்க சப்பித் துப்பினதுதான். அப்ப நானும் சூனியக்காரி, என்னையும் காலி பண்ணச் சொல்லுங்க! புள்ளைய டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகாம இங்க வந்து வீரம் காட்டுறாராம்!"

ஆட்டோ பிடிக்க முதலில் படியிறங்கி ஓடியவள் அந்த மாடி அறைச் சூனியக்காரிதான்.