முத்தம்மா தண்ணீர் குடித்த நாள்

வேலை நாளில் முத்தம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். வாய் கொப்பளிப்பாள், துப்புவாள், துடைப்பத்தை எடுப்பாள். ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பும்போது குடிக்கிற அரை டம்ளர் காபியோடு சரி. காக்ஸ் டவுன் பக்கம் தெரு பெருக்கி முடித்து, பஸ் மாறி வீடு வந்த பிறகுதான் சொம்பைத் தூக்குவாள். அந்த வார்டில் பெருக்கும் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். விரதம் ஒன்றும் இல்லை. வேலை நேரத்தில் முட்டினால் போக இடம் கிடையாது, அவ்வளவுதான்.

அவள் பெருக்கும் தெருவில் கழிப்பறைக்குப் பஞ்சமா? படுக்கையறைக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் நாயைக் குளிப்பாட்டத் தனி அறை, அதில் வெந்நீர்க் குழாய். சர்ச் வளாகத்தில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். பேக்கரியில் இருப்பது வாடிக்கையாளருக்கு. பச்சை கேட் வீட்டு டீச்சரம்மா நல்லவர், தினமும் காபி கொடுப்பார். காகிதக் கப்பில் ஊற்றிச் சுற்றுச்சுவர் மேல் வைப்பார். கேட்டுக்குள் வா என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மே மாத வெயிலில், முத்தம்மாவோடு பெருக்கும் அம்புஜம் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். சிறுநீர்த் தொற்று, கிட்னி வரைக்கும் போயிருந்தது.

"தண்ணியே குடிக்கறதில்லையாம்மா நீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அம்புஜம் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் நின்ற முத்தம்மா சொன்னாள்: "குடிச்சா எங்க சார் போறது? உங்க ஊட்டுக்கா?"

மறுநாள் காலை வருகை எடுக்கும் தெருமுனையில் மேஸ்திரி சுதீரைப் பிடித்தாள். சுதீர் ஒப்பந்தக்காரரின் ஆள். யார் வந்தார், யார் வரவில்லை என்று போடுவது அவன் கையில்.

"பார்க் பக்கத்துல அந்த பம்ப் ரூம் சும்மாதானே பூட்டிக் கெடக்குது? அதுல ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லுப்பா."

"ஏனம்மா, ரோடு பெருக்க வந்தவங்களுக்கு அட்டாச்டு பாத்ரூம் கேக்குதா? வீட்லயே முடிச்சிட்டு வரணும்."

"உங்க மொதலாளி முடிச்சிட்டுதான் ஆபீசுக்கு வர்றாரா? அப்புறம் அங்க எதுக்கு ரெண்டு கட்டி வெச்சிருக்குது?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்று முத்தம்மா வெயில் ஏறும்வரை பெருக்கினாள். அவளுக்கு விழுந்தது ஆப்சென்ட்.

முத்தம்மாவின் எதிர்வீட்டுப் பெண் சங்கமித்ரா துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிறாள். அவள் அம்மாவும் தெரு பெருக்கியவர்தான். "கெஞ்சினா குடுக்க மாட்டாங்க அத்தே. சேந்து உக்காந்தாதான் குடுப்பாங்க," என்றாள் அவள். முதலில் மனு கொடுத்தார்கள். ஒரே கோரிக்கை: தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை. வார்டு அலுவலகம் சொன்னது, "இவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள்." ஒப்பந்தக்காரர் சொன்னார், "பம்ப் அறை என்னுடையது இல்லை, வார்டு அலுவலகத்தைக் கேளுங்கள்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அயோக்கியத்தனம். வேலை வாங்க இரண்டு எஜமானர்கள், கதவு வைக்க ஒருவர்கூட இல்லை.

வேலைநிறுத்த நோட்டீஸ் போனது. குறித்த நாளில் காலையிலேயே வார்டு அலுவலக வாசலில் கூடினார்கள். நடைபாதையில் இளநீர் மட்டை, பீடித் துண்டு, நாய் அசிங்கம். முத்தம்மா முகம் சுளித்தாள்.

"மனுசங்க உக்கார்ற எடமா இது?"

பழக்கத்தில் துடைப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் குனிந்ததும் மற்றவர்களும் குனிந்தார்கள். ஒருத்தி மட்டைகளை மூட்டை கட்டினாள், இன்னொருத்தி தண்ணீர் தெளித்தாள். வாசல் பளிச்சென்று ஆனபிறகு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கோஷம் போட ஆரம்பித்தார்கள். எதிரே பைக்கில் சாய்ந்து நின்ற சுதீர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பச்சை கேட் டீச்சரம்மா காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தார்.

"என்ன முத்தம்மா, ஸ்ட்ரைக்குன்னே, வேலைக்கு வந்துட்டியாமே? நல்லது பண்ணே. க்ரூப்ல போட்டிருக்காங்க பாரு."

குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் படம் வந்திருந்தது. முன்னால் முத்தம்மா, துடைப்பம், குனிந்த முதுகு, தெளிவான முகம். கீழே வார்டு அலுவலகம் கன்னடத்தில் எழுதியிருந்ததைச் சங்கமித்ரா படித்துச் சொன்னாள்: "வேலைநிறுத்தம் என்பது வதந்தி. நமது ஊழியர்கள் வழக்கம்போல் பணியில்."

மதியத்துக்குள் படம் பக்கத்து வார்டுகளுக்கும் போய்விட்டது. மறுநாள் வந்து சேருவதாகச் சொன்ன பெண்கள் போன் செய்தார்கள்: "முத்தம்மாவே வேலைக்குப் போயிட்டா, எங்கள மட்டும் எதுக்குக் கூப்புடுறீங்க?"

"உன் கை ஒரு நாள் சும்மா இருக்காதாடி?" என்று கூட உட்கார்ந்திருந்தவளே கேட்டாள். முத்தம்மா துடைப்பத்தைத் தள்ளி வைத்தாள். கூட்டம் பாதியாகக் கரைந்தது. இன்னொரு நாள் இப்படிப் போனால் சங்கமும் இல்லை, கழிப்பறையும் இல்லை.

அடுத்த நாள் துடைப்பத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அலுவலக வாசலில் ஒரு வண்டிக் குப்பை கொட்டிக் கிடந்தது. அழுகிய தக்காளி, மீன் செதில், குழந்தைகளின் டயப்பர். கொட்டிய டிப்பர் இன்னும் ஓரமாகவே நின்றது. சுதீர் போனைத் தயாராகப் பிடித்திருந்தான்.

"பெருக்கும்மா. கை அரிக்குமே உனக்கு."

அரித்தது. நேற்று அவள் முகம் சுளித்ததற்குப் பத்து மடங்கு அசிங்கம் இன்று காலடியில். முத்தம்மா புடவையை இழுத்துச் செருகினாள். அந்தக் குப்பையின் மேலேயே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடு. இப்ப எடு போட்டோ."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அம்புஜமும் வந்தாள். சுதீர் எடுக்கவில்லை. சங்கமித்ரா எடுத்தாள், பக்கத்து வார்டுகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

முத்தம்மா பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தாள். பாதி பாட்டிலைக் காலி செய்து அம்புஜத்திடம் நீட்டினாள். "குடிடி. எல்லாரும் குடிங்க. வயிறு முட்டக் குடிங்க."

வெயில் ஏறியது. முட்டியது. முத்தம்மா எழுந்தாள், எல்லோரும் எழுந்தார்கள். நேராக அலுவலகப் படியேறினார்கள்.

"எங்க கூட்டமா வர்றீங்க?" வாட்ச்மேன் குறுக்கே வந்தார்.

"கக்கூஸுக்கு."

"அது ஸ்டாஃபுக்கு மட்டும்."

முத்தம்மா சங்கமித்ராவின் போனை வாங்கி, நேற்றைய படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நல்லாப் பாருங்கண்ணா. இது என் மூஞ்சி. கீழ 'நமது ஊழியர்கள்'னு போட்டது உங்க ஆபீசு. நான் ஸ்டாஃப் இல்லேன்னா, அது பொய்யின்னு உள்ள போய் எழுதி வாங்கிட்டு வாங்க. நிக்கிறேன். ரொம்ப நேரம் நிக்க முடியாது."

பின்னால் ஒரே சிரிப்பு. வாட்ச்மேனும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு வெளியே வந்தார்.

"நான் மேலிடத்துக்கு எழுதறேன்மா. பதில் வர வாரக்கணக்குல ஆகும், கொஞ்சம் பொறுமை வேணும்."

"எழுதுங்க சார். பதில் வர்ற வரைக்கும் மூத்திரம் நிக்காது."

அவர் படத்தைப் பார்த்தார், வாசலில் சேர்ந்துவிட்ட ஜனங்களைப் பார்த்தார், ஒதுங்கி நின்றார். முதலில் அம்புஜத்தை அனுப்பினார்கள். கடைசியாகப் போய் வந்தவள் முத்தம்மா.

"எப்படிக்கா இருக்குது உள்ள?"

"அழுக்கா இருக்குது. எவளும் கை வெக்காதீங்க."

மறுநாளும் குடித்தார்கள், மறுநாளும் வரிசை. பக்கத்து வார்டுப் பெண்களும் பாட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். அலுவலக குமாஸ்தாக்கள் அவர்களுக்குப் பின்னால், கால் மாற்றி மாற்றி நின்றார்கள். மேலிடத்துப் பதில் வாரக்கணக்கில் ஆகும் என்றார்களே, அதற்குள்ளாகவே பம்ப் அறைக்குக் கொத்தனார் வந்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ரிப்பன், ஷாமியானா, பூங்கொத்து. ஒப்பந்தக்காரரின் அன்பளிப்பு என்று பலகை. யார் யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது? ஒரு பெண்ணின் கிட்னியைக் கெடுத்துவிட்டு அன்பளிப்பாம்.

கார்கள் வரும் நேரம். சுதீர் முத்தம்மாவைத் தேடி ஓடி வந்தான்.

"வாசல கொஞ்சம் பெருக்கிடும்மா. பெரியவங்க வர்றாங்க, போட்டோ எடுக்கணும்."

முத்தம்மா கையிலிருந்த பாட்டிலை நிதானமாகக் குடித்து முடித்தாள். குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கார்களில் வந்திறங்கியவர்கள் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்கள். சுதீர் கதவைத் தட்டினான்.

"ஆள் இருக்குது," என்றாள் முத்தம்மா.