நான்கு வாரம் முன்னதாக

இங்கிலாந்தின் வால்சால் ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களில் பாதிப்பேர் க்ளெனிஸ் பார்டோவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். கோழி வறுவல் கடைக்கும் பந்தயக் கடைக்கும் நடுவில் இருக்கும் வாடகை வீட்டு ஏஜென்சியில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறாள். முதலாளிகள் மூன்று பேர் மாறினார்கள், அவள் மாறவில்லை. எந்த வீட்டில் பாய்லர் மக்கர் பண்ணும், எந்தக் குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடிக்கும், எந்த வீட்டுக்காரர் பெயின்ட் என்றாலே காது கேளாதவர் ஆகிவிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. வாடகைக்கு வருகிறவர் இந்த நாட்டில் இருக்க உரிமை உள்ளவர்தானா என்று வீட்டுக்காரரே பார்க்க வேண்டும். தவறினால் அபராதம், ஜெயில்வரைகூடப் போகலாம். வீட்டுக்காரர்கள் அதை ஏஜென்சியின் தலையில் கட்டினார்கள். ஏஜென்சி க்ளெனிஸின் தலையில் கட்டியது. அரைநாள் பயிற்சி, மத்தியானம் ஒரு காய்ந்த சாண்ட்விச், அவ்வளவுதான். எல்லையில் சீருடைக்காரர்கள் செய்கிற வேலையை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்ணிடம் தள்ளிவிட்டு, சம்பளத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டார்கள். நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

"குழாய் ஒழுகுதுன்னு வர்றவங்ககிட்ட விசாவக் காட்டுன்னு கேக்கிற பொழப்பாப் போச்சு" என்று கணவனிடம் புலம்புவாள். ஆனால் எதையும் திருந்தச் செய்கிற ரகம் அவள். கெடு வைத்த விசாக்காரர்களை, கெடு முடிவதற்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற ஏஜென்சிகளில் கடைசி நாள்வரை இழுப்பார்கள். க்ளெனிஸ் நான்கு வாரம் முன்னதாகவே டைரியில் குறித்து வைத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ருடெண்டோ சிக்கோவோரே ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை. ஏழு வயது மகளோடு ப்ளெக் பகுதியில் நான்கு வருடமாகக் குடியிருந்தாள். பள்ளிக்கூடம் தெருக்கோடியிலேயே இருந்ததால் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் மகளை விட்டுவிட்டு ஓடலாம். அந்த வீடு இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. விசா ஜூன் முப்பதோடு முடிகிறது. ஜூன் இரண்டாம் தேதியே க்ளெனிஸ் அவளைக் கூப்பிட்டாள்.

"வக்கீல் புதுசா விண்ணப்பம் அனுப்பிட்டேன்னு சொன்னாரு ஆன்ட்டி. இன்னும் நம்பர்தான் வரல" என்றாள் ருடெண்டோ.

"விண்ணப்பம் நிலுவையில இருந்தாலே போதும் கண்ணு, நீ பாட்டுக்கு வீட்ல இருக்கலாம். நானே அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டுடறேன்."

"நம்பர் வந்தப்புறம் கேக்கலாமே?"

"எதுக்குத் தள்ளிப்போடணும்? இன்னிக்கே கேட்டுட்டா ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம்."

வக்கீல் அனுப்பியிருக்கவில்லை. விண்ணப்பக் கட்டு அவர் மேசையில்தான் கிடந்தது. இரண்டே நாளில் பதில் வந்தது: விசா ஜூன் முப்பதுவரை, அதற்குமேல் விண்ணப்பம் எதுவும் பதிவில் இல்லை. அந்தத் தேதிக்கு அது சரியான பதில்தான். ஏஜென்சியின் கம்ப்யூட்டர் வழக்கம்போல வீட்டுக்காரருக்கும் ஒரு நகலை அனுப்பிவிட்டது.

வீட்டுக்காரர் ட்ரெவர் பேலிஸ், கூரை வேலை பார்த்து முதுகொடிந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்த ஒரே வாடகை வீடு அது. தாளைக் கையில் பிடித்தபடியே ஆபீசுக்கு வந்தார்.

"ரெண்டு வாரம் பொறு ட்ரெவர். வக்கீலு அனுப்பிடுவாரு" என்றாள் க்ளெனிஸ்.

"நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல க்ளெனிஸ். நல்ல பொண்ணு, எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தாள அனுப்புனது உன் ஆபீசு. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

ட்ரெவர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். உடனே காலி செய்ய வேண்டியதில்லை, எதிர்த்து வழக்காடலாம் என்று க்ளெனிஸ் ருடெண்டோவிடம் சொல்லிப் பார்த்தாள். விண்ணப்பம் போகிற நேரத்தில் கோர்ட்டில் பேர் அடிபடுவதா என்று அவள் நடுங்கினாள். மூன்றே வாரத்தில் சாமான்களைக் கட்டினாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் க்ளெனிஸ் ஒரு கடிதம் நீட்டினாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார், அக்கம்பக்கத்தில் ஒரு புகாரும் இல்லை என்று எழுதியிருந்தது. ருடெண்டோ நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"நான் சட்டப்படி இருக்கறவதான்னு இதுல இல்லையே ஆன்ட்டி."

"அத எழுத எனக்கு அதிகாரம் இல்ல கண்ணு."

"கேட்டு அனுப்ப மட்டும் இருந்துச்சா?"

க்ளெனிஸ் சாவியை உறையில் போட்டு அந்த வீட்டு முகவரியை எழுதினாள். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

ருடெண்டோ தொலைவில் லூட்டன் நகரில் ஒரு சித்தி மகளின் வீட்டு ஹாலில் மகளோடு ஒண்டிக்கொண்டாள். சனிக்கிழமை ட்ரெவரின் வீட்டுக்குப் புது ஜோடி கையெழுத்துப் போட்டது. அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளையும் க்ளெனிஸ்தான் சரிபார்த்தாள். அன்று மாலை ருடெண்டோவிடமிருந்து செய்தி வந்தது. விசா முடிவதற்குள் வக்கீல் ஒருவழியாக முந்தின நாள் விண்ணப்பித்துவிட்டார், நம்பர் இதோ என்று. இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் க்ளெனிஸ் மறுபடி எழுதிக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. உடனே போன் செய்தாள்.

"உனக்கு உரிமை உண்டுன்னு எழுதியே குடுத்துட்டாங்க கண்ணு."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! அப்ப நாங்க திரும்பி வந்துடலாமா ஆன்ட்டி? ஸ்கூல்ல இன்னும் பேர எடுக்கல."

"வீட்டுக்கு ஆள் வந்தாச்சு கண்ணு."



"சரி, அந்தக் கடுதாசிய அனுப்பி வைங்க. இங்க ஒரு ரூம் பாத்திருக்கேன், அவங்ககிட்ட காட்டறேன்."

"அது ட்ரெவர் வீட்டுக்கு மட்டும்தான் செல்லும். புது வீட்டுக்காரங்க அவங்களா எழுதிக் கேக்கணும். விசா முடியற ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க."

"அவங்களும் உங்கள மாதிரி முன்கூட்டியே கேக்கற நல்லவங்களா இருந்துட்டா நான் என்ன பண்றது ஆன்ட்டி?" என்று கேட்டாள் ருடெண்டோ.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டாள்.