அப்பா வேலியடிக்குப் போனால்...

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேலியடியில் நின்றவர்கள் அப்பா, அம்மா, நான், பக்கத்து வளவுக் குணம் மாமா. வராதவர் குணம் மாமாவின் மனைவி, றஞ்சி மாமி. அவர் தங்கள் வீட்டுக்குள் இருந்தார். யன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது.

புது வேலி போடும் வேலை. பழைய கதியால்கள் — எல்லையில் வரிசையாக நடுகிற கிளுவைத் தடிகள் — கருகிப்போய்ப் பல மாதம். ஏன் கருகின? அதற்கு வருகிறேன்.

குணம் மாமா இரும்பு அலவாங்கால் குழி தோண்டத் தொடங்கினார். அப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குணம், உது எங்கடை பக்கம் உள்ளுக்கை வந்திருக்கு."

அலவாங்கு நின்றது. அம்மா என் கையைப் பிடித்தார். யன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

வேலியைப் பற்றி ஒரு வசனம் சொன்னதற்கு இவ்வளவு பயமா? யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வேலியைப் பற்றிக் கதைக்காத மனிதர் உண்டா?

பிரச்சினையே அதுதான்.

என் அப்பா சண்டிலிப்பாயில் மிளகாயும் புகையிலையும் போடுகிறவர். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குள் இறங்கியவர். குரல் உயர்த்தத் தெரியாது. ஆடு வந்து மிளகாய்க் கன்றைத் தின்றால்கூட ஆட்டிடம் மெதுவாகத்தான் சொல்வார்.

போன வருஷம் அவர் மாறத் தொடங்கினார். குணம் மாமா ஆட்கள் இரவில் கதியாலைப் பிடுங்கி எங்கள் பக்கம் நடுகிறார்கள் என்றார். நாங்கள் என்ன நினைத்தோம்? ஒன்றுமே நினைக்கவில்லை. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அவர் சொல்லியிருந்தால், அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போயிருப்போம். அவர் சொன்னதோ வேலி! எங்கள் ஊரில் அதைவிடப் புத்தித் தெளிவான பேச்சு வேறு இல்லை.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என் தோளில் தட்டினார். "இப்பதான்ரா உன்ரை கொப்பருக்கு ரோசம் வந்திருக்கு!"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். நான் என்ன செய்தேன்? காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து, நாலு பக்க எல்லையையும் அப்பாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். படித்த பிள்ளை வேறென்ன செய்யும்?

பிறகுதான் பயம் வந்தது.

அப்பா குளிப்பதை விட்டார். செத்தவீட்டில் சிரித்தார். புகையிலை வெட்டும் கத்தியோடு பகல் முழுக்க வேலியோரம் நடந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "நீ ஆற்றை பக்கம்? என்ரையோ, அவங்கடையோ?" என்று கேட்பார். கேட்ட விதத்தில் அப்பா இல்லை. அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வேறு யாரோ நின்ற மாதிரி... அம்மா கத்திகளை அரிசிப் பானைக்குள் ஒளிக்கத் தொடங்கினார்.

ஒரு காலையில் அவர் வேலிக்கு நெருப்பு வைத்தார். வேலியில் அடைத்திருந்தது காய்ந்த பனையோலை, நல்ல காற்று. அந்தப் பக்கம் றஞ்சி மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பில் பொறி விழுந்து அவர் அலறினார். இந்தப் பக்கம் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பைவிட அந்த முகத்துக்குத்தான் எனக்கு இன்றும் பயம்.

தீயை அணைத்த கையோடு அப்பாவைத் தன் ஓட்டோவில் ஏற்றியவர் குணம் மாமாதான்.

"தம்பி, பொலிசுக்கோ கொண்டுபோறியள்?" அம்மா ஓட்டோவுக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னக்கா கதைக்கிறியள்? ஆஸ்பத்திரிக்கு. ஏறுங்கோ."

மனநல டொக்டர் ஓர் இளம் பெண். வேலிக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்: "ஐயாவுக்கு மணம் விளங்குதோ?"

அம்மா யோசித்தார். "எங்கை பிள்ளை... பழுதாப்போன மீன்குழம்பை நல்லாயிருக்கெண்டு சாப்பிட்டவர்."

டொக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, கோப்பித்தூளை மூக்கடியில் பிடித்தார். "இது என்ன ஐயா?"

"மண்" என்றார் அப்பா.

ஸ்கான் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் ஒரு கட்டி. தேசிக்காய் அளவு, ஓர் எலுமிச்சம்பழம். புற்று இல்லை, மெல்ல மெல்ல வளர்ந்தது என்றார்கள்.

"மூளையிலை கட்டி வந்தால் ஆளின்ரை குணம் மாறுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். சந்தேகம் வரும், வெக்கம் போகும், கோவம் வரும். ஆனா மனநோய் உள்ள எல்லாருக்கும் கட்டி இருக்காது தம்பி. கனபேரின்ரை ஸ்கானிலை ஒண்டுமே தெரியாது. அதுக்காக அவையின்ரை வருத்தம் பொய்யெண்டில்லை."

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "கட்டியை எடுத்தா, இவர் திரும்பி வருவாரோ?"

"கனக்க வருவார் அம்மா. முழுக்க எண்டு இப்ப சொல்லேலாது."

கனக்க என்றால் எவ்வளவு? வராத மிச்சம் எது? ஒப்பரேஷன் முடியும்வரை அம்மாவும் நானும் மிளகாய் விலையையே கதைத்துக்கொண்டிருந்தோம். இதைப் பேசினால் அழுதுவிடுவோம்.

அப்பா வந்தார். மெதுவான குரலோடு, ஆட்டோடு கதைக்கிற அதே அப்பா. மணம் மட்டும் திரும்பவில்லை. எங்கள் நித்திரையும்தான்.

ஒரு தேசிக்காய் ஒரு மனிதரின் அன்பையும் வெட்கத்தையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் குந்திக்கொள்ளும் என்றால், என் கோபம் என்னுடையதுதானா? பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடித்துவிட்டு இறங்கி, பக்கத்துக் கடையில் சவர்க்காரத்தை எடுத்து மோந்து பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். மணத்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது விளங்குகிறதா, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏன் உறைந்துபோனோம் என்று? கட்டி திரும்ப வளர்கிறதா? டொக்டருக்கு இப்போதே போன் எடுப்பதா? அலவாங்கு அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே!

அப்பா கோபப்படவில்லை. சாம்பலைக் காலால் விலக்கினார். அடியில் பழைய எல்லைக்கல் தெரிந்தது. குணம் மாமா போய் அளவு நாடா கொண்டுவந்தார். கிணற்றடிக் கல்லிலிருந்து வாசல் படலைக் கல்வரைக்கும் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார்.

"அண்ணை சொல்லுறது சரி. அரை அடி வந்துதான் கிடக்கு. எங்கடை ஐயா நட்ட காலத்துப் பிழையாயிருக்கும். தள்ளி நடுவம், வாங்கோ."

"வேண்டாம்!" அம்மா கத்தியே விட்டார். "உதிலையே நடுங்கோ தம்பி. நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாத்திய யன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உண்மையைத்தானே சொன்னனான்..."

அம்மா குணம் மாமாவுக்கு அந்தக் குழியையே கையால் காட்டினார்.

"சரி. இனி எனக்குக் கோவம் வரக்கூடாது, உண்மையும் வரக்கூடாது. அப்பிடித்தானே தம்பி?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அவரே அலவாங்கை எடுத்து, முதலில் தோண்டிய குழியிலேயே குத்தினார். அந்த நேரத்திலும் நான் ஓரடி பின்னால் வைத்தேன். அவர் அதைக் கண்டார்.

அவர் தலையில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். எங்கள் தலைகளுக்குள் வளர்ந்திருப்பதை எந்த ஸ்கானில் பார்ப்பது?

அரசாங்க ஆஸ்பத்திரி, ஒப்பரேஷனுக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. எங்களுக்குக் கடைசியில் போனது, கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் அரை அடி காணி.