மூன்று அடுக்குக் கேக்கும் ஒரு ஹைபிரிட்டும்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றைத் தெரியாத கல்யாண வீடு இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்துக் கல்யாணக் கேக்குகள் பல அவருடைய சமையலறையிலிருந்துதான் போகின்றன. எல்லாம் ஓட்டோவில், மடியில் வைத்துப் பிடித்தபடி. போன மே மாதம் களனிக்குப் போகும் வழியில் ஒரு மணித்தியாலம் ஜாமில் நின்றதில் ஐசிங் உருகி, மேல் அடுக்குச் சரிந்துவிட்டது. மணப்பெண் தானே அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அதுதான் பிறிஜெற்றைச் சுட்டது. ஐம்பத்தொரு வயதில் வாகனம் ஓடப் பழகி, லைசன்ஸ் எடுத்தார்.

கணவர் கிளெமென்ற், சின்ன வான் ஒன்று போதும் என்றார். பிறிஜெற்றுக்கோ வெள்ளவத்தையில் சுகிர்தன் என்ற பொறியியலாளர் விற்கவிருந்த பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் எஸ்.யூ.வி. மேல் கண். பின் சீற்றை மடித்தால் மேசையளவு இடம். கிளெமென்ற்றின் பயம் பற்றரியில். பாவித்த வாகனம், பற்றரி போனால் எல்லாம் போச்சு என்று மூன்று நாள் அதையே சொன்னார். நான்காம் நாள் வாகனம் மருதானையில் நிஸாமின் கராஜுக்குப் போனது. நிஸாம் கம்பியூட்டரை மாட்டிப் பார்த்தார்.

"பெட்டரி நல்லா இருக்குது மிஸ். பயப்பட வாணாம்."

கிளெமென்ற் அப்போதும் அசையவில்லை. உயரமான வாகனம், ஆடும், கேக் நிற்காது என்றார்.

"கேக்கை வைச்சே ஓடிப் பாப்பம்," என்றார் பிறிஜெற்.

சுகிர்தனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சம்மதித்தார். சனிக்கிழமை காலை, யாருக்கும் கல்யாணம் இல்லாமலே மூன்று அடுக்குக் கேக் ஒன்று உருவாகி, முழுதாக அடுக்கியபடியே, சுகிர்தன் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்த வாகனத்தில் ஏறியது. பிறிஜெற் ஓட, சுகிர்தன் பக்கத்தில். மடிக்காமல் விட்ட ஒற்றைச் சீற்றில், கேக்கை விட்டுக் கண்ணெடுக்காமல் கிளெமென்ற்.

கொள்ளுப்பிட்டியில் ஜாம். என்ஜின் சத்தம் சட்டென்று அடங்க, பிறிஜெற்றுக்குத் திக்கென்றது.

"நிண்டுட்டுதோ தம்பி?"

"இல்லை அன்ரி, இப்ப பற்றரியில நிக்குது."

என்ஜின் நின்றும் ஏசிக் குளிர் கொஞ்சமும் குறையவில்லை. பிறிஜெற் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினார்.

வெள்ளவத்தை ஒழுங்கையில் இரண்டு வேகத்தடைகளையும் தாண்டி, சுகிர்தனின் மாடிவீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தபோது, ஐசிங் ரோசாவில் ஒரு இதழ்கூடக் கலையவில்லை. கிளெமென்ற் இறங்கி வந்து, குனிந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"சரி பிறிஜெற், எடும்."

"நான் கொள்ளுப்பிட்டியிலயே முடிவெடுத்திட்டன்."

கேக்கை அங்கேயே வெட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் துண்டு போனது. மாலைக்குள் அங்கிருந்தே இரண்டு கல்யாண ஓர்டர்கள் வந்தன.